தூளிக் கொக்கி

ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு, ஃபால்ஸ் சீலிங் போட வந்த பையன் கேட்டான். "சார், இந்தக் கொக்கிய அறுத்துடலாமா? போர்டு உக்கார மாட்டேங்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா வந்துவிட்டாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அண்ணாந்து பார்த்தாள். "அறுக்காதய்யா. பிள்ள தூங்குன கொக்கி" என்றாள்.

பையன் என்னைப் பார்த்தான். ஒரு பக்கச் சுவரில் அதற்குள் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் ஏறியிருந்தன. புதுப் பசையின் வாடை அறை முழுக்க நின்றது. அறுத்துவிடச் சொல்வதா வேண்டாமா என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. ஒரு இரும்புக் கொக்கிக்கு இவ்வளவு யோசிப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விரல் தடிமன் உள்ள கொக்கி அது. மகள் பிறந்து, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் கான்கிரீட்டைத் துளைத்து, ஆங்கர் போல்ட் அடித்து மாட்டியது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் அதற்கும் ஒரு பூச்சு விழும். ஆனால் வளைவின் உட்பக்கம் மட்டும் வெள்ளையே ஒட்டாது. கயிறு உரசி உரசி, புதுக் காசு போல மின்னிக்கொண்டிருக்கும். அம்மாவின் பழைய நூல்சேலையை இரண்டாக மடித்து, குறுக்கே தொட்டில் கம்பு கொடுத்து, அதில் தொங்கவிட்ட தூளியில்தான் மகள் இரண்டு வயது தாண்டும்வரை தூங்கினாள். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தாள். நான்கு வயது முடிந்ததும் அதே அறையை அவளுக்கென்று ஒதுக்க முடிவெடுத்தோம்.

முடிவெடுத்ததற்கு உண்மையான காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அப்போது என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். அடுத்த குழந்தை வந்தால் கட்டிலில் இடம் இருக்காது. மகளிடம் அப்படிச் சொல்லவில்லை. "நீ அக்கா ஆகப்போறே. அக்காவுக்குன்னு தனி ரூம்" என்று சொன்னோம். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் இருந்த தயக்கத்தை நாங்கள் இருவருமே பார்த்தோம். பார்த்த பிறகுதான் அறையை அலங்கரிக்கும் யோசனை எங்களுக்குத் தீவிரமாயிற்று. அவளை எங்கள் பக்கத்திலிருந்து நகர்த்துகிறோம் என்பதை அவளும் பார்க்கக் கூடாது, நாங்களும் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் ஒரு சுவர் நிறையச் சித்திரம் தேவைப்பட்டது.

உள்அலங்கார வேலை செய்கிற ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். டேப்லெட்டில் ஐந்து தீம் காட்டினார். விண்வெளி, கடலடி, இளவரசி, கார் பந்தயம், காடு. மகள் காட்டைத் தொட்டாள். அதில் யானை இருந்தது. அவளுக்கு யானை என்றால் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் காந்திமதிதான். 2025 ஜனவரியில் அந்த யானை இறந்துபோனது. அதற்கு முன்பு ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆச்சியின், அதாவது என் அம்மாவின், கையைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நிற்பாள். நெற்றிப் பட்டம், கழுத்து மணி, தும்பிக்கை நுனியின் ஈரம் எல்லாம் அவளுக்குத் தெரியும். சுவரில் வந்து ஒட்டிய யானைக்குக் காது தோள்வரை விரிந்திருந்தது. அது ஆப்பிரிக்க யானை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது காந்திமதி இல்ல" என்றாள்.

அந்தக் காட்டில் எங்கள் காடே இல்லை. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கம். இந்தியாவில் சிங்கம் இயற்கையாக வாழ்வது குஜராத்தில் மட்டும்தான். என் சொந்த ஊரிலிருந்து பேருந்தில் போய்வருகிற தூரத்தில் களக்காடு முண்டந்துறை இருக்கிறது. 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. சிங்கவால் குரங்கும் வரையாடும் அங்கே உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட என் மகளின் சுவரில் கொண்டுவர எனக்குத் தோன்றவில்லை. ஐந்து படங்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லிவிட்டு, குழந்தையின் விருப்பத்தைக் கேட்டுவிட்டதாக நம்பினேன். அவள் கேட்டது தனக்குத் தெரிந்த ஒரு யானையை. நான் வாங்கிக் கொடுத்தது யாருக்கோ தெரிந்த ஒரு காட்டை.

குழந்தைக்கென்று தனி அறை, அந்த அறைக்கென்று தனிச் சித்திரம் என்ற வழக்கம் விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் வேர்பிடித்தது. குழந்தைகளையும் தாதியையும் வீட்டின் மேல்தளத்தில் வைத்த காலம். அந்த அறைக்கென்றே 1875இல் வால்டர் கிரேன் என்ற ஓவியர் குழந்தைப் பாட்டுக் காட்சிகளை வைத்துச் சுவர்க்காகிதம் வரைந்தார். அழகான வேலை. அதே நூற்றாண்டில்தான் அங்கே சுவர்க்காகிதத்தின் பச்சை நிறத்துக்கு ஆர்சனிக் கலந்த சாயம் பயன்பட்டது. பிறகு உற்பத்தியாளர்களே 'ஆர்சனிக் இல்லாதது' என்று விளம்பரம் செய்யவேண்டிய நிலை வந்தது. 1947இல் அமெரிக்காவில் குழந்தைகள் அறைக்கென்றே டி.டி.டி. பூச்சிக்கொல்லி ஏற்றிய சுவர்க்காகிதம் விற்பனைக்கு வந்தது. கொசுவும் ஈயும் அண்டாது என்று சொல்லி, டிஸ்னி பாத்திரங்களை அச்சிட்டு விற்றார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 1972இல், அந்த நாடே டி.டி.டி.யைத் தடை செய்தது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தக் காகிதத்தை வாங்கி ஒட்டியவர்களும் என்னைப் போன்ற தகப்பன்கள்தான். பிள்ளையை நோயிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துத்தான் ஒட்டினார்கள்.

மகளின் அறையில் ஃபால்ஸ் சீலிங் தவிர மற்ற வேலை முடிந்த மூன்றாம் நாள் மகளுக்குக் கண் எரிந்தது. கூடவே வறட்டு இருமல். நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "புது வாடை சார், ரெண்டு நாள்ல போயிடும்" என்றார்கள். இரண்டு நாளில் போகவில்லை. பிளைவுட்டை ஒட்டும் பசையிலிருந்தும் வார்னிஷிலிருந்தும் வெளியேறும் ஃபார்மால்டிஹைட் மாதக்கணக்கில், சில பலகைகளில் வருடக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பிளைவுட்டில் இந்தக் கசிவுக்குத் தரக்குறியீடு உண்டு. இ0, இ1 என்று போட்டிருக்கும். குழந்தை அறைக்குப் பலகை வாங்குகிறவர் வாட்டர் புரூஃபா என்று கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி இது. நான் கேட்கவில்லை. இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

பெயின்ட் விஷயத்திலும் அப்படித்தான். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016இல் விதி வகுத்தது. 2017 நவம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. டப்பாவில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகள் கட்டில் கம்பியைக் கடிப்பார்கள். ஜன்னல் விளிம்பை நக்குவார்கள். பெயரில்லாத டப்பாவில் வரும் பளபளப்பான சிவப்பும் மஞ்சளும்தான் குழந்தை அறைக்குள் முதலில் நுழைகின்றன. பெயின்டரிடம் நிறத்தின் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு டப்பாவைப் பார்க்காமல் விடுகிறோம்.

அவளுக்குக் கண் எரிந்த பிறகு ஒரு வாரம் ஜன்னலைத் திறந்துபோட்டு, அறையைப் பூட்டி வைத்தோம். அதற்குப் பிறகுதான் அவளைப் படுக்க வைத்தோம்.

அன்றிரவு பதினோரு மணி இருக்கும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் கதவருகே வந்து நின்றாள். அழவில்லை. "அப்பா, அந்தச் சிங்கம் தூங்கவே மாட்டேங்குது" என்றாள்.

அவளை நடுவில் படுக்கவைத்துவிட்டு, நான் அந்த அறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவள் கட்டிலில், அவள் தலையணை இருந்த இடத்தில் தலைவைத்துப் படுத்தேன். கால் வெளியே நீட்டிக்கொண்டது. ஜீரோ வாட்ஸ் பல்பின் வெளிச்சத்தில் சிங்கத்தின் கண்கள் இரண்டும் நேராக என் முகத்தின் மேல் இருந்தன. பகலில் நின்று பார்த்தபோது சிரித்த சிங்கம்தான். படுத்துப் பார்க்கையில் அதன் வாய் தெரியவில்லை, கண் மட்டும் தெரிந்தது. ஏ.சி.யில் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது. அலமாரியின் தலை இருட்டில் ஒரு ஆள் நிற்பது போல இருந்தது. கழுத்தைத் திருப்பி வாசலைத் தேடினேன். அந்த அலமாரி மறைத்துக்கொண்டது. படுத்த இடத்திலிருந்து கதவு தெரியவில்லை. கதவு தெரியாததால் கதவுக்கு வெளியே எங்கள் அறையின் வெளிச்சமும் தெரியவில்லை.

நாங்கள் அந்த அறையை மூன்று மாதம் யோசித்துச் செய்தோம். நிறத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, திரைச்சீலைக்கு ஒரு ஞாயிறு, கைப்பிடிக்கு ஒரு சாயங்காலம். ஒருவர்கூட அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கவில்லை. வாசலில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்பதையே பார்த்தோம். வருகிறவர்கள் வாசலில்தான் நிற்பார்கள். படம் எடுக்கிறவர்களும் வாசலில்தான் நிற்பார்கள். அந்த அறைக்குள் படுக்கப்போகிற ஒரே ஒருத்தியின் கண் எங்கே இருக்கும் என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அந்தக் கட்டில் சுவரோடு அடித்து நிறுத்தியது. முதலில் நிறுவனம் சொன்னது இரண்டடுக்குக் கட்டில். மேல் அடுக்கை மரவீடு மாதிரி செய்து தருவதாகச் சொன்னார்கள். படம் பார்த்ததும் எனக்கும் ஆசை. தச்சுவேலைக்கு வந்த ஆசாரிதான் மறுத்தார். டேப்பை எடுத்து அளந்து காட்டினார். "மேல் தட்டுல பாப்பா எந்திரிச்சு நின்னா ஃபேன் றெக்கை தலைக்கு வரும் சார். நான் இதைச் செய்ய மாட்டேன். வேற ஆளப் பாருங்க." பத்தடி உயரத்துக் கூரை, அதிலிருந்து ஒரு அடி இறங்கும் ஃபேன், ஐந்தடியில் மேல் தட்டு, அரையடி மெத்தை, மூன்றரை அடிக் குழந்தை. கூட்டிப் பார்த்தால் தெரிகிற கணக்கு. குளிர்நாட்டு வீடுகளின் படத்தில் ஃபேன் இல்லை. அந்தப் படத்தை அப்படியே எடுத்து, வருடத்தில் பத்து மாதம் ஃபேன் சுற்றும் வீட்டில் பொருத்தப் பார்த்தோம். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களை மேல் தட்டில் படுக்கவைக்கக் கூடாது என்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் சொல்லியிருப்பதைப் பிறகு படித்தேன். ஆசாரி அதைப் படித்தவர் அல்ல. கூலி போனாலும் பரவாயில்லை என்று ஒரு குழந்தையின் தலையை நினைத்துப் பார்த்தவர். அவருக்கு நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. இங்கே சொல்கிறேன்.

அடுத்தது இழுப்பறை அலமாரி. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் கை குளிர்கிறது. நான்கு இழுப்பறை வைத்த, என் மார்பளவு உயரமுள்ள அலமாரி. மேலே ஒரு மர யானை பொம்மை. ஒரு மத்தியானம் மகள் கீழ் இழுப்பறையை இழுத்தாள். அதன் மேல் ஏறினாள். அடுத்ததை இழுத்தாள். அவளுக்கு அது படிக்கட்டு. மூன்றாவதை இழுத்தபோது அலமாரி முன்னால் சாய்ந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, அந்த வயிற்றோடு பாய்ந்து தோளைக் கொடுத்துத் தாங்கினாள். பொம்மை மட்டும் விழுந்து தும்பிக்கை உடைந்தது. நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தோமோ தெரியாது.

இப்படிச் சாய்ந்து குழந்தைகள் இறந்ததால் 2016இல் அமெரிக்காவில் ஒரே நிறுவனம் சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. 2022 டிசம்பரில் இதற்கென்றே அங்கே ஒரு சட்டம் வந்தது. அலமாரியைச் சுவரோடு பிணைக்க இரண்டு எல் வடிவத் தகடும் நான்கு திருகாணியும் போதும். வன்பொருள் கடையில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்த அறைக்கு நாங்கள் செலவழித்த ஒன்றே முக்கால் லட்சத்தில் இந்த நூறு ரூபாய் சேர்ந்திருக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது மரியா மாண்டிசோரியைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 1907 ஜனவரி 6ஆம் தேதி ரோமின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் குழந்தைகளுக்கென்று ஒரு வீட்டைத் திறந்தார். குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய எடையில் மேசை நாற்காலிகள் செய்யச் சொன்னார். குழந்தை கைநீட்டினால் எட்டும் உயரத்தில் அலமாரிகள். சுவரில் ரஃபேல் வரைந்த தாயும் சேயும் படத்தின் நகல் ஒன்று. கூண்டு போன்ற தொட்டில் கட்டிலை அவர் விரும்பவில்லை. குழந்தை தானே இறங்கவும் ஏறவும் முடிகிற, தரையை ஒட்டிய படுக்கையைச் சொன்னார். 1939இல், அறுபத்தொன்பதாம் வயதில், சென்னைக்கு வந்தார். அடையாறில் பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் சில வருடம் கொடைக்கானலில் இருந்தார். அவர் வந்திறங்கிய ஊரில் பெரும்பாலான குழந்தைகள் அப்போது பாயில்தான் படுத்தார்கள். காலையில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அறை முழுக்க அவர்களுடையது.

என் மகளின் அறையில் அவளால் நகர்த்த முடிந்த பொருள் ஒன்றுகூட இல்லை. கட்டில் சுவரோடு இருந்தது. மேசை கட்டிலோடு இருந்தது. புத்தக அடுக்கு மரக்கிளை வடிவத்தில் என் தோள் உயரத்தில் இருந்தது. புத்தகம் வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிட வேண்டும். கூரை ஓரம் முழுக்க எல்.இ.டி. விளக்கு. அதைப் போட்டால்தான் காடு அழகாகத் தெரியும் என்று இரவு படுக்கும்வரை எரியவிட்டோம். தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் இருந்த மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் உடலில், தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் கிட்டத்தட்ட 88 சதவீதம் குறைந்துபோனதாக 2018இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பத்துக் குழந்தைகளிடம் மட்டும் செய்த சிறிய ஆய்வு. ஆனால் எங்கள் வீட்டு இரவுகள் அதற்குச் சாட்சி சொன்னன. ஆச்சி விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுக்கும் நாளில் அவள் பத்து நிமிடத்தில் தூங்கினாள்.

அந்த நாட்களில் அவள் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில், இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே போர்வையைப் போட்டு, உள்ளே ஒரு பாயும் டார்ச்சும் வைத்திருந்தாள். யாரும் குனியாமல் உள்ளே போக முடியாது. போவதற்கு அவளிடம் கேட்க வேண்டும். சில நாள் அது கடை, சில நாள் ஆஸ்பத்திரி, ஒரு நாள் காந்திமதியின் கொட்டில். சாயங்காலம் விருந்தாளி வந்தால் நாற்காலி வேண்டும் என்று அதைக் கலைத்துவிடுவோம். மறுநாள் மறுபடி கட்டுவாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மேல் பாடிய காலத்திலிருந்து குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடும் மரபு நமக்கு இருக்கிறது. மூன்றாவது பருவம் தால். நாவசைத்துப் பாடும் தாலாட்டு. அது தொட்டில் காலம். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் முதலாவது சிற்றில். சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டி விளையாடுகிறார்கள். சிறுவன் காலால் கலைக்க வருகிறான். கலைக்காதே என்று கெஞ்சுகிறார்கள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் ஆண்டாளும் கண்ணனிடம் இதையே கேட்கிறாள். பழைய தமிழில் குழந்தைக்குச் சொந்தமான ஒரு வீட்டைத் தேடினால் எனக்குக் கிடைப்பது இந்த மணல்வீடுதான். அதைப் பெற்றோர் கட்டிக் கொடுக்கவில்லை. இடிந்துவிடும் என்று தெரிந்தே சிறுமிகள் கட்டினார்கள். முதுகு நோக, மணல் கொழித்துக் கட்டினார்கள். அவர்களுக்குப் பெரியவர்கள் விட்டுக்கொடுத்தது மணலும் தெருவும் பகல்பொழுதும் மட்டும்.

நான் என் மகளுக்கு மணலை விட்டுக்கொடுக்கவில்லை. முடிந்துபோன ஒரு வீட்டைக் கொடுத்தேன். ஆணி அடிக்கவோ படம் ஒட்டவோ கிறுக்கவோ ஒரு சாண் இடம் விடாமல் நிறைத்துக் கொடுத்தேன்.

2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். சுவரெல்லாம் படம் ஒட்டிய வகுப்பறையில் பிள்ளைகள் 38.6 சதவீத நேரம் பாடத்திலிருந்து கவனம் சிதறினார்கள். வெறும் சுவர் இருந்த வகுப்பறையில் 28.4 சதவீதம். படுக்கையறை வகுப்பறை இல்லைதான். ஆனால் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவானது.

இந்த நாட்டில் குழந்தைக்குத் தனி அறை என்பது எத்தனை வீடுகளில் சாத்தியம் என்பதையும் நான் மறக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்ந்தன. நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன்தான். பத்தமடைப் பக்கத்துக் கோரைப்பாய் இரண்டை ஒட்டிப் போட்டு, அப்பா, அம்மா, தங்கை, நான் என்று வரிசையாகப் படுத்தோம். ஜப்பானில் தாய், தகப்பன், நடுவில் பிள்ளை என்று படுப்பதை, நதி என்ற பொருள் தரும் மூன்று கோட்டு எழுத்தின் பெயரால் சொல்வார்களாம். அந்தப் பாயில் எனக்குப் பயம் வந்த இரவுகளில் கையை நீட்டினால் யாராவது தட்டுப்பட்டார்கள். தனி அறையைக் குறை சொல்ல நான் வரவில்லை. கை நீட்டினால் தட்டுப்படுகிற தூரத்தை அவளிடமிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருந்தது. நாங்கள் கொடுத்தது ஒட்டகச்சிவிங்கி.

டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயர், குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்தவர், 1951இல் ஒரு கட்டுரை வாசித்தார். தாயை விட்டு விலகத் தொடங்கும் குழந்தை ஒரு போர்வை நுனியையோ துணிப் பொம்மையையோ பற்றிக்கொள்கிறதே, அது வெறும் பழக்கம் அல்ல, தாய்க்கும் உலகத்துக்கும் நடுவே குழந்தை தானே போட்டுக்கொள்ளும் பாலம் என்றார். அதைப் பெரியவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியாது, குழந்தைதான் கண்டெடுக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். துவைத்தால்கூட அதன் தொடர்ச்சி அறுந்துபோகலாம் என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் மகள் கண்டெடுத்தது தூளிச் சேலை. பரணிலிருந்து ஆச்சி எதையோ எடுத்தபோது அது கீழே விழுந்தது. நைந்து, நடுவில் சாயம் போய், கயிறு கட்டிய முனைகள் மட்டும் சுருண்டு கிடந்த சேலை. மகள் அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு இழுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அந்த அறைக்கு அவளாக எடுத்துப்போன முதல் பொருள் அது. தீமுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பழுப்பு நிறம்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது கொஞ்சம்தான். கொக்கிக்காகத் தள்ளிவைத்த ஃபால்ஸ் சீலிங்கை வேண்டாம் என்றே நிறுத்தினோம். கொடுத்த முன்பணம் திரும்ப வரவில்லை. ஆசாரியை மறுபடி கூப்பிட்டு, கட்டிலைச் சுவரிலிருந்து கழற்றி, காலைக் குறைத்து, தலைமாட்டிலிருந்து கதவு தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டோம். அலமாரியைச் சுவரோடு பிணைத்தோம். புத்தக அடுக்கை அவள் இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். சிங்கம் இருந்த சுவரை மட்டும் உரித்து, பட்டி பார்த்து, வெள்ளை எமல்ஷன் அடித்து அப்படியே விட்டோம். இந்த முறை டப்பாவைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒட்டகச்சிவிங்கி இருக்கட்டும் என்று மகள் சொன்னாள், இருக்கிறது. இரவு இரண்டு அறைக் கதவும் திறந்திருக்கும். முதல் மாதம் ஆச்சி அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். பிறகு வாசலுக்கு நகர்ந்தாள். பிறகு கூடத்துக்கு. எந்த இரவில் அந்தப் பாய் வாசலைத் தாண்டியது என்று எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் வருத்தப்படாத ஒரு இரவு அது என்பது மட்டும் தெரியும்.

வெள்ளைச் சுவரில் இப்போது அவள் எட்டுகிற உயரம்வரை கிரேயான் கோடுகள் இருக்கின்றன. தும்பிக்கை என்று அவள் சொல்வதால் அது யானை. நெற்றியில் பட்டம் வரைந்திருக்கிறாள்.

பிள்ளைக்கு அறை தயார் செய்துகொண்டிருக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வண்ண அட்டையைப் பிரிப்பதற்கு முன்னால், ஆசாரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், இன்றிரவு அந்த அறையில் கட்டில் வரப்போகிற இடத்தில் ஒரு பாயைப் போட்டு விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள். மேலே என்ன தெரிகிறது, எது சாய்ந்தால் உங்கள் மேல் விழும், காற்றில் என்ன வாடை இருக்கிறது என்று பாருங்கள். கழுத்தைத் திருப்பினால் நீங்கள் படுக்கும் அறையின் கதவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.